உசிலை இலையும் ஒரு முழுக்குப் பொட்டலமும்

மதுரையிலிருந்து தேனி நோக்கி மேற்கே செல்லும் நெடுஞ்சாலையில், நாகமலையின் நீண்ட முதுகு வலப்புறத்தே கூடவே வந்து மெல்ல விலகிச் செல்ல, செக்கானூரணியையும் கடந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரம் சென்றால் வரும் உசிலம்பட்டியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் வீரத்தையும் வறட்சியையும் அரசியலையும் பற்றியே எழுதுகிறார்கள். அவை எல்லாம் எழுதத் தக்கவையே. ஆயினும் அவ்வூரின் பெயரை நிதானமாக ஒருமுறை உச்சரித்துப் பார்ப்பவருக்கு வேறொரு சரித்திரத்தின் வாசல் திறக்கும். உசிலை என்பது ஒரு மரம். தாவர சாஸ்திரிகள் அல்பிசியா அமாரா என்று வழங்கும் அம்மரத்தின் இலையை உலர்த்தி இடித்த பொடியே, சோப்பும் ஷாம்பும் வருவதற்கு முன்னும், வந்த பின்னர் வெகுகாலம் வரையிலும், தமிழ்நாட்டுச் சமவெளியின் சாமானிய ஜனங்கள் தலைமுழுகப் பயன்படுத்திய அரப்பு. உசிலை நின்ற பட்டி உசிலம்பட்டி ஆயிற்று. இப்படி ஒரு பெயர் வாய்த்த ஊரில் நின்றுகொண்டு, கைக்கு எட்டும் விலையில் மெய்யாகவே பலன் தந்த அழகுப் பொருள்களின் கதையைத் தொடங்குவது பொருத்தமென்றே கருதுகிறேன்.

உசிலை ஆடம்பரமான மரமன்று. செம்மண்ணிலும் சரளை மேட்டிலும், மழை பொய்த்த வருஷங்களிலும், யாருடைய பராமரிப்பையும் எதிர்பாராமல் நின்று தழைக்கும். அதன் இலை புளிய இலையைக் காட்டிலும் சிறியது. பூ மஞ்சள் சாயல் கொண்ட மெல்லிய இழைக்குஞ்சம். தழையை வெள்ளாடு தின்னும். வயலுக்கு எருவாகவும் இடுவார்கள். கட்டை கலப்பைக்கும் வண்டிக்கும் ஆகும். இவ்வளவுக்கும் மேலாக, அந்தச் சின்னஞ்சிறு இலைகளை உருவி, நிழலில் காயவைத்து, உரலில் இட்டு இடித்து, மெல்லிய துணியில் சலித்து எடுத்தால் பச்சை நிறம் மாறாத ஒரு பொடி கிடைக்கும். அதை நீரிலோ, சோறு வடித்த கஞ்சியிலோ கரைத்தால் வழுவழுப்பான குழம்பாகும். நுரை அதிகம் வராது. கண்ணில் பட்டால் எரியும். உச்சி முதல் நுனி வரை அது இறங்கிய கூந்தலில் எண்ணெய்ப் பிசுக்கு நில்லாது. சப்போனின் என்று இரசாயன நூலார் கூறும் பொருள் அவ்விலையில் இருப்பதே இதற்குக் காரணம். எண்ணெயோடு ஒரு முனையும் நீரோடு மறுமுனையும் சேரும் தன்மை வாய்ந்த அப்பொருள், தலையில் தேய்த்த நல்லெண்ணெயைப் பற்றி எடுத்து நீரோடு அனுப்பிவிடுகிறது. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் இருப்பது அதே இனத்தைச் சேர்ந்த பொருள்தான். முடியின் இயற்கைப் பசையை அடியோடு துடைத்துவிடாமல், வேண்டாத எண்ணெயை மட்டும் களைவது என்னும் நுட்பத்தை நம் பாட்டிமார் ஆய்வுக்கூடம் இன்றியே கண்டறிந்திருந்தார்கள்.

சீயக்காய் மலைச்சரக்கு, முட்கொடியில் காய்ப்பது, காடேறிப் பறித்து, காயவைத்து, சந்தைக்கு இறக்க வேண்டியது, ஆகையால் விலையுள்ளது. அரப்போ வீட்டுக் கொல்லையிலும் புஞ்சை வரப்பிலும் நிற்கும் மரத்தின் இலை. ஆகவே சீயக்காய் வாங்க முடிந்த வீட்டில் சீயக்காயும், முடியாத வீட்டில் அரப்பும், இரண்டுக்கும் நடுவில் நின்ற வீட்டில் இரண்டின் கலப்பும் என்று ஒரு வழக்கம் ஏற்பட்டது. இது ஏழையின் சமாதானம் என்று யாரும் எண்ணிவிடலாகாது. உஷ்ணம் மிகுந்த இப்பிரதேசத்தில் அரப்பு குளிர்ச்சி தருவது என்று சொல்லி, வசதி இருந்தும் அதையே விரும்பித் தேய்த்தவர்கள் அநேகர். பிறப்பு முதல் இறப்பு வரை அது கூடவே வந்தது. துக்க வீட்டில் நீர்மாலை எடுத்து வந்து, உறவினர் ஒவ்வொருவராக இறந்தவரின் தலையில் எண்ணெயும் அரப்பும் தொட்டு வைத்து வணங்கும் காட்சியைக் கண்டவர்களுக்கு, ஒரு பிடி இலைப்பொடி எவ்வளவு கனமானது என்பது விளங்கும்.

மனிதருக்கு மட்டுமா? அழகர்கோவிலில் கள்ளழகர் ஐப்பசி மாதத்தில் மலைமேல் நூபுர கங்கைக்கு எழுந்தருளித் தைலக்காப்புக் கண்டருளுகிறார். மதுரையில் மீனாட்சியம்மனுக்கு மார்கழியில் எண்ணெய்க்காப்பு உற்சவம். தெய்வத்துக்கு எது உகந்ததோ அதுவே குடியானவனுக்கும் உகந்தது என்னும் எண்ணம் இந்த நாட்டில் எண்ணெய் முழுக்கின் விஷயத்தில் பரிபூரணமாக நிலைபெற்றிருந்தது.

பழைய இலக்கியங்களைப் புரட்டினால் இந்த அலங்காரக் கலை எத்தனை விரிவாக வளர்ந்திருந்தது என்பது தெரியவரும். சிலப்பதிகாரத்தில் கடலாடு காதையில் மாதவி நீராடுகையில், பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீரில் அவளுடைய கூந்தல் நனைக்கப்படுகிறது. உரையாசிரியர்கள் அந்தச் சரக்குகளின் பெயர்களை அடுக்கிக்கொண்டே போகிறார்கள். மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி காட்டும் மாநகரத்து அங்காடியில் பூ விற்போருக்கும் வெற்றிலை விற்போருக்கும் அருகில் வாசனைச் சுண்ணம் விற்போரும் இருக்கிறார்கள். மதுரையில் முகப்பவுடர் வியாபாரத்துக்கு இரண்டாயிரம் ஆண்டு வயது என்று சொன்னால் அது மிகையாகாது. எனினும் மாதவியின் கூந்தல் செல்வத்தில் திளைத்த கூந்தல். வயலில் களையெடுத்துவிட்டு வந்த ஒரு பெண் எதைத் தேய்த்துக் குளித்தாள் என்பதை அறிய வேண்டுமானால், காவியத்தை மூடிவைத்துவிட்டு நாட்டு மருந்துக்கடைக்குத்தான் நாம் போக வேண்டும்.

நாட்டு மருந்துக்கடை என்பது விசித்திரமான ஒரு ஸ்தாபனம். ‘இங்கிலீஷ் மருந்துக்கடை’ வந்த பிறகே அதற்கு ‘நாட்டு’ என்னும் அடைமொழி வேண்டியதாயிற்று. வாசற்படியில் கால் வைக்கும்போதே வசம்பும் வெட்டிவேரும் சாம்பிராணியும் பெருங்காயமும் கலந்த ஒரு நெடி நம்மை எதிர்கொள்ளும். உள்ளே சுவர் முழுவதும் சிறுசிறு மர இழுப்பறைகள், தகர டப்பாக்கள், கீழே சாக்குகள். பிரசவித்தவளுக்கு மருந்து லேகியச் சாமான் எடுக்கும் அதே கை, அடுத்த இழுப்பறையைத் திறந்து மணப்பெண்ணுக்கு நலுங்கு மாவுச் சாமான் எடுக்கும். நோய்க்கு மருந்து வேறு, அழகுக்குச் சாதனம் வேறு என்ற பேதமே அங்கே இல்லை. உடம்பு நன்றாக இருந்தால் அழகு தானே வரும், தோலும் முடியும் உடம்பின் பகுதிகளே என்பது அக்கடைக்காரர் பேசாமலே கடைப்பிடித்த சித்தாந்தம்.

அங்கே கிடைத்த சரக்குகளின் குணாகுணங்களைச் சற்றே நின்று பார்க்க வேண்டும். பாசிப்பயறு அழுக்கை எடுக்கும். பூலாங்கிழங்கும் கோரைக்கிழங்கும் வாசனைக்கு. கார்போக அரிசி சொறி, தேமலுக்கு. ஆவாரம்பூ உலர்ந்த மேனிக்கு. கஸ்தூரி மஞ்சள் முகத்துக்கு. அது சமையல் மஞ்சளைப் போல் அழுத்தமான கறை படியாதது என்பதால் அதற்குத் தனி விலை, தனி மரியாதை. கூந்தல் எண்ணெய் காய்ச்சக் கரிசலாங்கண்ணியும் நெல்லிமுள்ளியும். வேம்பாளம்பட்டையைத் தேங்காய் எண்ணெயில் இட்டு வெயிலில் வைத்தால் மாலைக்குள் எண்ணெய் மாணிக்கச் சிவப்பாக மாறும். அந்த நிறத்துக்காகவே அதை வாங்கியவர்கள் உண்டு. சீயக்காய் அரைக்கக் கொடுக்கும்போது வெந்தயம், பச்சைப்பயறு, காய்ந்த எலுமிச்சைத் தோல், செம்பருத்தி இலை என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு. அந்தக் கணக்கு மாமியாரிடமிருந்து மருமகளுக்குச் சொத்தைப் போல் இறங்கும்.

இவை எல்லாவற்றையும்விட என் மனத்தைக் கவர்வது அவை விற்கப்பட்ட அளவு.

“அண்ணாச்சி, தலைமுழுகச் சீயக்காய் குடுங்க.”

“ஒரு முழுக்குக்கா தாயி, ரெண்டு முழுக்குக்கா?”

படியும் பலமும் வீசையும் வழங்கிய காலத்தில், அந்த முகத்தலளவைகளுக்கும் நிறுத்தலளவைகளுக்கும் அப்பால், எந்த வாய்ப்பாட்டிலும் எழுதப்படாத ஒரு மூன்றாவது அளவை இருந்தது. அதுதான் முழுக்கு. ஒருவர் ஒருமுறை தலைமுழுக எவ்வளவு தேவையோ அவ்வளவு. ஒரு துண்டுக் காகிதத்தில் மடித்து, நூல் சுற்றிய பொட்டலம். அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் உலை வைக்கிற குடும்பத்துக்கு மாதத்துக்கு ஆகும் பொருளை ஒருமிக்க வாங்கிவைக்கும் சக்தி கிடையாது. அவர்களுடைய ஜீவனத்தின் தாளத்துக்குக் கடைக்காரர் தம்முடைய அளவையை இசைத்துக்கொண்டார். இந்த ஒரு விஷயத்தை மறந்தால் பின்னால் வந்த சரித்திரம் எதுவுமே விளங்காது.

பொடியும் வேரும் கடையில் கிடைத்தன என்றால், வளையலும் சாந்தும் கண்மையும் குங்குமமும் வீட்டுவாசலுக்கே வந்தன. தோளில் வளையல் கட்டுகளைச் சுமந்து ஊர் ஊராகச் செல்லும் வளையல்காரருக்கு மதுரைச் சீமையில் இருந்த மதிப்புக்குத் தெய்விக ஆதாரமே உண்டு. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் சொக்கநாதரே வணிக வேடம் பூண்டு வந்து வளையல் விற்கிறார். அந்த லீலையை ஆவணி மூலத் திருவிழாவில் மதுரை இன்றளவும் கொண்டாடுகிறது. திருமலை நாயக்கர் கட்டுவித்த புதுமண்டபத்தில், நூற்றுக்கணக்கான சிற்பங்களின் காலடியில், தையற்காரர்களோடும் புத்தக வியாபாரிகளோடும் கூடவே வளையலும் குங்குமமும் விற்றவர்கள் பல தலைமுறைகள் இருந்தார்கள். உசிலம்பட்டி வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை வந்தவர்கள் திரும்பிச் செல்லும்போது மடியில் கொண்டுபோன தாழம்பூக் குங்குமம் மஞ்சளின் வேலைப்பாடுதான். மஞ்சளோடு காரமும் எலுமிச்சைச் சாறும் சேர்ந்தால் அது செக்கச் சிவக்கும் என்ற இரசாயனத்தை அதைச் செய்தவர்கள் பரம்பரையாக அறிந்திருந்தார்கள்.

1928-இல் மதுரையையும் போடிநாயக்கனூரையும் இணைத்து உசிலம்பட்டி வழியாக மீட்டர்கேஜ் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. ஏலமும் பஞ்சும் ஏறிச் சென்ற பாதையில் புதிய சரக்குகள் இறங்கத் தொடங்கின. லைஃப்பாய் சோப்பு 1895 முதலே இந்தியாவில் விற்பனையில் இருந்தது. மைசூர் சமஸ்தானம் 1916-இல் சந்தன சோப்புத் தொழிற்சாலையைத் தொடங்கியிருந்தது. 1919-இல் பம்பாயில் பட்டன்வாலா ஆஃப்கன் ஸ்நோவை அறிமுகம் செய்தார். லக்ஸ் 1929-இல் வந்தது. ‘ஸ்நோ, பவுடர்’ என்ற இரண்டு சொற்கள் கல்யாணச் சீர்வரிசைப் பட்டியலிலும் சினிமாக் கொட்டகைப் பேச்சிலும் இடம் பிடித்தன. சுதந்திரத்துக்குப் பின்னர், அந்நியச் செலாவணி அழகுச் சாதன இறக்குமதியில் கரைவதைத் தடுக்க வேண்டுமென்ற எண்ணத்தோடு டாட்டா நிறுவனத்தார் 1952-இல் லக்மேயைத் தொடங்கினார்கள். ஆனால் இவையெல்லாம் பெரும்பாலும் பட்டணத்துப் பொருள்களே. கிராமத்தில் முகத்துக்கு வந்த சோப்புக்குத் தலைக்கு ஏற எளிதில் அனுமதி கிடைக்கவில்லை. தலைக்கு எண்ணெயும் அரப்புமே நின்றன.

தலைக்கும் ஒரு நாள் புதுப்பொருள் வந்தது. அதன் பெயரே நம் நாட்டிலிருந்து கப்பலேறிப் போய்த் திரும்பி வந்த பெயர். ‘அமுக்கு, பிடித்துவிடு’ என்னும் பொருள்பட்ட இந்திச் சொல்லை, பாட்னாவில் 1759-இல் பிறந்து கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் வேலை பார்த்துக் கடல் கடந்த தீன் முகமது, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் 1814 வாக்கில் திறந்த நீராவிக் குளியலகத்தில் ‘ஷாம்பு’ சிகிச்சையாகப் பிரசித்தப்படுத்தினார். உடம்பு பிடித்துவிடுதலைக் குறித்த அச்சொல் காலப்போக்கில் தலை அலசுதலைக் குறிக்கலாயிற்று. இறுதியில் சீசாவில் அடைத்த திரவத்தின் பெயராகி, பெரும் விலையோடு தாயகம் திரும்பியது. ஒரு சீசா ஷாம்பின் விலை ஒரு கூலிப்பெண்ணின் பல நாள் வருமானம்.

இந்த இடத்தில்தான் கடலூர்ச் சின்னி கிருஷ்ணன் என்பவரை நன்றியோடு நினைக்க வேண்டும். பணக்காரர் உபயோகிக்கும் எந்தப் பொருளும் கூலித் தொழிலாளிக்கும் ரிக்‌ஷா இழுப்பவருக்கும் கிட்ட வேண்டும் என்பது அவருடைய ஓயாத சிந்தனை என்று அவருடைய புதல்வர் சி.கே. ரங்கநாதன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பெரிய டப்பாவில் விற்ற முகப்பவுடரைச் சின்னி கிருஷ்ணன் 20 கிராம் அளவிலும் அடைத்தார்; 100 கிராமாக விற்ற பேதி உப்பை 5 கிராம் பொட்டலமாக்கினார். மருந்திலிருந்து அழகுப் பொருளுக்கு, பேதி உப்பிலிருந்து ஷாம்புக்கு, அந்தச் சின்னப் பொட்டலம் நகர்ந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அது நாட்டு மருந்துக்கடையின் இழுப்பறைகளுக்கிடையே நடக்கும் அதே பிரயாணம்தான். அவருடைய காலத்துக்குப் பின் அவருடைய புதல்வர்கள் வெல்வெட் ஷாம்பை நெகிழிப் பொட்டலத்தில் வெளியிட்டார்கள். குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து வந்த ரங்கநாதன், 1983-இல் 15,000 ரூபாய் முதலோடு, தந்தையார் பெயரின் எழுத்துகளைக் கொண்டே ‘சிக்’ என்று பெயரிட்டுத் தம் ஷாம்பைத் தொடங்கினார். அவருடைய ஆட்கள் கிராமம் கிராமமாகச் சென்று, பள்ளிப் பிள்ளைகளின் தலையில் தேய்த்து அலசிக் காட்டினார்கள். காலிப் பொட்டலங்களைத் திருப்பித் தந்தால் புதியது ஒன்று இலவசம் என்றார்கள். 1999-இல் அது 50 காசுக்கே கிடைத்தது. உலகப் பெரும் நிறுவனங்கள் தங்கள் சீசாக்களைப் பொட்டலங்களாகச் சுருக்கிக்கொண்டு கடலூர்க்காரரின் வழியைப் பின்பற்றின.

இந்த வெற்றியை விளம்பரத்தின் வெற்றி என்பார்கள் சிலர். வாசனையின் வெற்றி என்பார்கள் வேறு சிலர். முழுக்கு என்னும் பழைய அளவையின் வெற்றி என்பதே என் அபிப்பிராயம். பெட்டிக்கடை வாசலில் சரஞ்சரமாகத் தொங்கிய அந்தப் பொட்டலத்தில், ஒரு முழுக்குக்கு ஒரு மடிப்பு என்ற அண்ணாச்சியின் கணக்கைத்தான் ஜனங்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள்.

ஷாம்பினால் பெண்களுக்கு விளைந்த நன்மையை மறைத்துப் பேசுவது நியாயமாகாது. இலை உருவி, காயவைத்து, இடித்து, சலித்து, கஞ்சியில் கரைத்து, தேய்த்து, பொடி போக மறுபடி மறுபடி அலசி முடிக்க ஒரு காலைப்பொழுது ஆகும். தண்ணீர்க் குடத்தைத் தலையில் சுமந்தவளுக்கு அந்த அலசலின் விலை தெரியும். 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் வருமா வருமா என்று பல்லாண்டுகள் ஏங்கிக் காத்திருந்த ஊர் அல்லவா இது? விடியற்காலையில் பேருந்து பிடித்து மதுரை மில்லுக்கும் கடைக்கும் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்தச் சிறு பொட்டலம் மெய்யான உபகாரமே. அதே சமயம், காகிதப் பொட்டலம் மண்ணில் மக்கிப்போனது. நெகிழிப் பொட்டலமோ குளிக்குமிடத்திலிருந்து ஓடைக்கும் ஓடையிலிருந்து கண்மாய்க்கும் போய்ச் சேர்ந்து அங்கேயே கிடக்கிறது. இரண்டும் உண்மை.

மன்னிக்க இயலாத அத்தியாயம் வேறொன்று இருக்கிறது. 1975-இல் ஃபேர் அண்டு லவ்லி என்ற பசை இந்தியச் சந்தைக்கு வந்தது. அதன் பின்னே அதே இனத்துப் பசைகள் பல வந்தன. அவையும் சின்னப் பொட்டலங்களில் ஏறிக் கிராமத்துக் கடைவாசல் வரை போயின. அரப்பு அழுக்கு போகும் என்றது, போயிற்று. நலுங்கு மாவு மேனி மென்மையாகும் என்றது, ஆயிற்று. இந்தப் பசைகள் மட்டும், நிறம் ஒரு குறை என்று முதலில் கற்பித்து, பிறகு அக்குறைக்குப் பரிகாரம் விற்றன. கருப்பசாமியைக் குலதெய்வமாகக் கும்பிட்டு, அழகர்மலையில் பதினெட்டாம்படிக் கருப்பன் முன் பொய் சொல்ல அஞ்சி, பச்சைத் திருமேனி கொண்ட மீனாட்சியைத் தாயென்று வணங்கும் ஜனங்களின் பெண்மக்களிடம், கறுப்பு தாழ்வு என்று காசு வாங்கிக்கொண்டு சொன்னது கொடுமை. 2020-இல் அந்தப் பசை தன் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல்லை நீக்கிக்கொண்டது. அதற்குள் 45 வருஷங்கள் கழிந்திருந்தன.

இன்று உசிலம்பட்டிக் கடைவீதியில் நாட்டு மருந்துக்கடையும் இருக்கிறது, ஃபேன்சி ஸ்டோரும் இருக்கிறது, இங்கிலீஷ் மருந்துக்கடையும் இருக்கிறது. மூன்றிலும் நல்ல பொருள் உண்டு. மூன்றிலும் ஏமாற்று உண்டு. 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தில் 1962-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் அழகுப் பொருள்களும் சேர்க்கப்பட்டன; ஆகவே டப்பாவில் வரும் சரக்கானால் தயாரிப்பு உரிம எண்ணும் தேதியும் இருக்கின்றனவா என்று பார்ப்பது வாங்குபவரின் உரிமை. மருதாணி இயல்பாகச் செம்மைதான் தரும். அரைமணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் கருப்பு மருதாணியில் சாய இரசாயனம் கலந்திருக்கும், அது தோலைப் புண்ணாக்க வல்லது. நெற்றியில் அரிப்பு உண்டாக்கும் குங்குமம் பெரும்பாலும் மஞ்சளில் பிறந்ததன்று. அரப்பை வாங்குவோர் பச்சை நிறம் இருக்கிறதா, நீரில் கரைத்தால் வழுவழுப்பு வருகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பழுப்பேறிப் போனது பழைய சரக்கு.

உசிலம்பட்டிப் பக்கம் போக நேரும் அன்பர்கள் நாட்டு மருந்துக்கடையில் ஒரு முழுக்குக்கு அரப்பு கேட்டு வாங்குங்கள். முந்தின நாளே நல்லெண்ணெய் வாங்கி வையுங்கள். கஞ்சியில் கரைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு தேயுங்கள், எரியும். வீட்டில் இடமிருந்தால் ஓர் உசிலங்கன்றையும் நட்டு வையுங்கள். முதல் இரண்டு கோடைக்கு மட்டும் அதற்குத் தண்ணீர் ஊற்றினால் போதும்.